மண்வளக் கணக்கும் வாயுக் கணக்கும்

தானிய வேளாண்மையில் மண்ணின் வளத்தைப் பெருக்குவதும் புவி வெப்பமாவதைத் தணிப்பதும் ஒரே செயலின் இரு பயன்கள் என்னும் கருத்து இன்று ஏறக்குறைய மறுப்பின்றி வழங்கி வருகிறது. உழவைக் குறைத்து, அறுவடைக் கழிவை வயலிலேயே விட்டு, தழையும் எருவும் இட்டு வந்தால், காற்றிலுள்ள கரியமில வாயு பயிரின் வழியாக மண்ணுக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிடும் என்றும், நிலம் செழிப்பதோடு உழவரின் பங்கிலான வெப்பமாக்கும் வாயுக்களும் அதனால் ஈடாகிவிடும் என்றும் சொல்லப்படுகிறது. வேறு எதிலும் ஒத்துப்போகாத அரசுத் திட்ட அறிக்கைகளும் உர நிறுவனங்களின் விளம்பரங்களும் இயற்கை வேளாண் இயக்கங்களின் துண்டறிக்கைகளும், இந்த ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழும் என்பதில் மட்டும் ஒத்துப்போகின்றன. 2015 டிசம்பரில் பாரிஸில் நடந்த காலநிலை மாநாட்டின்போது, அன்றைய பிரெஞ்சு வேளாண் அமைச்சர் ஸ்டெஃபான் லெ ஃபோல் முன்னின்று தொடங்கிய ‘ஆயிரத்துக்கு நான்கு’ என்னும் முன்முயற்சி இந்தக் கருத்துக்கு ஓர் எண்ணையும் வழங்கியது. மண்ணிலுள்ள கரிமத்தை ஆண்டுதோறும் 0.4 விழுக்காடு கூட்டிக்கொண்டே போனால், மாந்தர் செயலால் காற்றில் சேர்ந்துவரும் கரியமில வாயுவைப் பெருமளவு ஈடுகட்டலாம் என்பது அதன் வாதம்.

இக்கருத்தின் முற்பாதியில் பிழை ஏதும் இல்லை. இலை, வேர், சாணம், நுண்ணுயிர் ஆகியவை மட்கி மண்ணில் எஞ்சும் கரிமப் பொருள் மண்துகள்களைக் கட்டியாகப் பிணைக்கிறது, மழைநீரை உள்வாங்கி வைக்கிறது, சத்துகளைப் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாகப் பயிருக்கு விடுகிறது. அது குறைந்த நிலம் எத்தனை மூட்டை உரம் இட்டாலும் இறுகிப்போகும் என்பதை உழவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மறுக்கப்பட வேண்டியது பிற்பாதி. மண்ணில் கரிமம் ஏறுவதை வைத்து ஒரு தானிய வயல் வளிமண்டலத்துக்கு நன்மை செய்கிறதா தீமை செய்கிறதா என்று முடிவு கட்ட முடியாது. அந்தக் கரிமத்தை ஏற்றுவதற்காகச் செய்யும் அதே செயல், செய்யும் காலமும் வயலின் நீர்நிலையும் பொருந்தாவிட்டால், ஏறிய கரிமத்தைப்போலப் பல மடங்கு தீங்கை வேறு வாயுவின் வடிவில் வெளியிடவும் கூடும்.

வயலிலிருந்து எழும் பசுங்குடில் வாயுக்களில், அதாவது வெப்பத்தை வெளியேற விடாமல் தடுக்கும் வாயுக்களில், கரியமில வாயு கணக்கின் ஒரு பகுதிதான். நீர் நிற்கும் நெல்வயலில் மீத்தேனும், உரமிட்ட எந்த வயலிலும் நைட்ரஸ் ஆக்சைடும் எழுகின்றன. ஐ.பி.சி.சி. எனப்படும் பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் ஆறாம் மதிப்பீட்டின்படி, நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் ஏறக்குறைய 27 கிலோ கரியமில வாயுவுக்கும், ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோ கரியமில வாயுவுக்கும் சமமாக வெப்பத்தைத் தேக்குகின்றன. எடையால் மிகச் சிறியதான இந்த இரு வாயுக்களே தானிய வயலின் வரவுசெலவைத் தீர்மானிக்கின்றன. மண்கரிமத்தைப் போற்றும் பேச்சில் இவை பெரும்பாலும் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறுவதில்லை.

கரிமக் கணக்கை அதன் சொந்தக் களத்திலேயே முதலில் சோதிக்கலாம். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் ஜான் பென்னட் லாஸும் ஜோசப் ஹென்றி கில்பர்ட்டும் 1843-இல் தொடங்கிய பிராட்பாக் கோதுமை வயல் இன்றும் தொடர்ந்து நடந்துவரும் சோதனை வயல். அங்கே ஒரு பாத்திக்கு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 35 டன் தொழு உரம் இடப்பட்டு வருகிறது. எருவே காணாத பாத்தியோடு ஒப்பிட்டால் அதன் கரிமம் இரு மடங்குக்கும் மேல் ஏறியிருக்கிறது என்பது மேற்கோள் காட்டுவோருக்குப் பிடித்த செய்தி. அவர்கள் சொல்லாமல் விடுவது இரண்டு. முதலாவதாக, அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி முற்பட்ட பதிற்றாண்டுகளிலேயே நிகழ்ந்து, பின்னர் மட்குவதும் சேர்வதும் சமனாகும் நிலையை நெருங்கி மெலிந்துவிட்டது. எருவிடுவதை நிறுத்தினால், அதே பண்ணையின் பார்லி வயலில் 1871-இல் எருவை நிறுத்திய பாத்தி காட்டுவதுபோல், ஏறியது மெல்ல இறங்கத் தொடங்கும். கரியமில வாயுவின் உமிழ்வோ ஆண்டுதோறும் தொடர்வது. இரண்டாவதாக, அந்த 35 டன் எரு காற்றிலிருந்து நேரே வந்ததன்று. வேறு நிலங்களில் விளைந்த தீவனமும் வைக்கோலும் மாட்டின் வழியாக இந்தப் பாத்திக்கு வந்து சேர்ந்தவை. ஒரு வயலின் கரிமத்தை இன்னொரு வயலுக்கு மாற்றியதை வளிமண்டலத்திலிருந்து மீட்டதாகக் கணக்கெழுதுவது, ஒரு பையிலிருந்து எடுத்து மறு பையில் போட்ட பணத்தை வருமானம் என்பதற்கு ஒப்பாகும். ரோதம்ஸ்டெட்டின் நெடுங்காலச் சோதனைகளை ஆராய்ந்து அந்நிலையத்தின் அறிவியலாளர்களே 2018-இல் வெளியிட்ட கட்டுரை, ஆயிரத்துக்கு நான்கு என்னும் வீதம் சில வயல்களில் எட்டப்பட்டிருந்தாலும் அதற்குத் தேவையான எருவும் நிலமும் உழவருக்குக் கிட்டும் அளவில் இல்லை என்று சுட்டியது.

உழவின்றி விதைக்கும் முறையின் வரலாறும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. 1930-களில் அமெரிக்கச் சமவெளிகளில் மேல்மண் புழுதிப் புயலாக எழுந்து போனபின் அங்கே உழவைக் குறைக்கும் சிந்தனை வேரூன்றியது. மண்ணரிப்பைத் தடுப்பதில் அம்முறையின் பயனை எவரும் ஐயுறவில்லை. காலநிலைப் பயன் பின்னாளில் அதன்மேல் ஏற்றப்பட்டது. 2003-இல் தொடங்கி 2010-இல் முடங்கிய சிகாகோ காலநிலைப் பரிமாற்றகத்தில், உழாமல் விதைத்த நிலத்துக்கு, வயல்தோறும் மண் எடுத்து அளக்காமல் வட்டாரத்துக்கு இவ்வளவு என்று வகுத்த வீதத்தில் கரிம வரவு எழுதப்பட்டு விற்கப்பட்டது. அளந்த ஆய்வுகளிலும் பெரும்பாலானவை மேல் 30 சென்டிமீட்டரோடு நின்றவை. உழாத நிலத்தில் தாள்கள் மேற்பரப்பிலேயே மட்குவதால் கரிமம் மேலடுக்கில் திரள்கிறது. மண்ணைப் புரட்டும் கலப்பை அதே தாள்களைக் கீழே புதைப்பதால் உழுத நிலத்தின் கரிமம் ஆழத்தில் இருக்கிறது. மேலடுக்கை மட்டும் அளந்தால் உழாத நிலம் வெல்லும். ஆழ அளந்தால் வேறுபாடு சுருங்கும், சில இடங்களில் மறைந்தே போகும் என்பதை 2007-லும் 2014-லும் வெளிவந்த மதிப்பாய்வுகள் தெளிவாகவே காட்டின. இத்தனைக்குப் பிறகும் ‘உழாதே, புவியைக் காப்பாய்’ என்னும் முழக்கம் குறையவில்லை. விற்கத்தக்க முழக்கங்களுக்குச் சான்று ஒரு பொருட்டன்று போலும்.

இனி, மண்ணில் தங்கும் கரிமம் தனியாகத் தங்குவதில்லை. நிலைபெற்ற மண்கரிமப் பொருளில் ஏறக்குறைய 12 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இருந்தாக வேண்டும். எனவே ஒரு டன் கரிமத்தை மண்ணில் நிறுத்த 80 கிலோவுக்கு மேல் தழைச்சத்து அதோடு சேர்ந்து முடங்கும். நெல், கோதுமை வைக்கோலில் தழைச்சத்து மிகக் குறைவு என்பதால் மீதியை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். ஆயிரத்துக்கு நான்கு என்னும் இலக்கின்படி உலகின் வேளாண் நிலங்களில் ஆண்டுக்கு 120 கோடி டன் கரிமத்தைச் சேர்க்க ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டன் தழைச்சத்து தேவைப்படும் என்றும், அது உலகின் தழைச்சத்து உர உற்பத்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு என்றும் 2017-இல் மண்ணியலாளர்கள் சிலர் கணக்கிட்டனர். அந்தத் தழைச்சத்து யூரியாவாக வந்தால் அதன் விலை வாயுவாகவே செலுத்தப்படுகிறது. ஐ.பி.சி.சி. வகுத்த பொதுவான மதிப்பின்படி, மண்ணில் இட்ட 100 கிலோ தழைச்சத்தில் ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடின் வடிவில் வெளியேறுகிறது; அதிலுள்ள ஆக்சிஜனின் எடையையும் சேர்த்தால் அது 1.57 கிலோ, கரியமில வாயுவுக்குச் சமமாகச் சொன்னால் 430 கிலோ. அம்மோனியா ஆலை எரிக்கும் இயற்கை எரிவாயுவும், யூரியா மண்ணில் சிதையும்போது விடும் கரியமில வாயுவும் தனி. இவ்வாறு எழும் நைட்ரஸ் ஆக்சைடு நூறாண்டுக்கும் மேலாகக் காற்றில் நிற்பது. மண்கரிமம்போலக் கலைந்துபோகும் பொருளன்று.

ஆயினும் இந்த மறுப்பின் அடிப்படை கோதுமை வயலில் இல்லை, நெல்வயலில் இருக்கிறது. நீர் நிற்கும் மண்ணில் ஆக்சிஜன் ஓரிரு நாளில் தீர்ந்துபோக, ஆக்சிஜனின்றி வாழும் நுண்ணுயிர்கள் மட்கும் பொருளைச் சிதைத்து மீத்தேனாக்குகின்றன. வேருக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் நெற்பயிரின் உட்துளைகளே அந்த மீத்தேனின் பெரும்பகுதியை மேலே கொண்டுவந்து விடுகின்றன. அந்த நுண்ணுயிர்களுக்கு உணவு எது? மண்வளத்துக்காக இடப்படும் அதே தாளும் தழையும்தான். உலர்நிலத்தில் வரமாக இருக்கும் பொருள் சேற்றில் எரிபொருளாகிவிடுகிறது.

இதன் அளவை ஐ.பி.சி.சி. 2019-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டு மதிப்புகளைக் கொண்டே கணக்கிட்டுப் பார்க்கலாம். தெற்காசியாவில், தழையோ எருவோ இடாமல் இடைவிடாது நீர் கட்டிய நெல்வயல் ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன் விடுவதாகக் கொண்டால், நூறு நாளில் 85 கிலோ, கரியமில வாயுவுக்குச் சமமாக 2.3 டன் ஆகும். நடவுக்கு முந்தைய முப்பது நாளுக்குள் ஹெக்டேருக்கு 5 டன் வைக்கோலை மடக்கி உழுதால் இது 2.9 மடங்காக, அதாவது 6.6 டன்னாக உயர்கிறது, கூடுதல் 4.3 டன். இப்போது மறு தட்டைப் பார்க்க வேண்டும். 5 டன் வைக்கோலில் இருக்கும் கரிமம் சுமார் 2 டன். தாராளமாக அதில் ஐந்தில் ஒரு பங்கு மண்ணில் தங்கிவிடும் என்று ஒப்புக்கொண்டாலும் தங்குவது 0.4 டன் கரிமம், கரியமில வாயுவாகச் சொன்னால் 1.5 டன்னுக்கும் குறைவு. மண்வள அட்டையில் கரிமம் ஏறியிருக்கும். வளிமண்டலத்துக்கோ அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு தீங்கு நேர்ந்திருக்கும். பசுந்தாளுரத்துக்கும் விதிவிலக்கு இல்லை. தமிழ்நாட்டில் பரிந்துரைக்கப்படும் அளவான ஹெக்டேருக்கு 6.25 டன் தக்கைப்பூண்டையோ சணப்பையையோ பூக்கும் தறுவாயில் மடக்கி, உடனே சேற்றுழவு செய்து நீர் கட்டினால், அதே கணக்கின்படி மீத்தேன் 2.2 மடங்காகிறது. அந்தத் தழை 40 கிலோ தழைச்சத்தை மிச்சப்படுத்துவதாக வைத்துக்கொண்டாலும், வயலிலும் உர ஆலையிலுமாகச் சேர்ந்து குறையும் உமிழ்வு அரை டன்னை எட்டாது. கூடும் மீத்தேனோ ஏறக்குறைய 2.8 டன்னுக்கு ஒப்பானது.

இதிலிருந்து தழையும் வைக்கோலும் வேண்டாம் என்று முடிவு கட்டுவது அவசரம். அதே வழிகாட்டியில், வைக்கோலை நடவுக்கு முப்பது நாளுக்கு முன்னரே மடக்கிவிட்டால் அதன் மீத்தேன் விளைவுக்குரிய எண் 1-லிருந்து 0.19-ஆகச் சரிகிறது, 5 டன்னுக்கு 2.9 மடங்கு என்பது 1.5 மடங்காகிவிடும். வயலுக்கு வெளியே குவித்து நன்கு மட்கவைத்த உரத்துக்கும் ஏறக்குறைய அதே சிறிய எண்தான். பொருள் மாறவில்லை, இட்ட அளவும் மாறவில்லை. இட்ட நாள் மட்டுமே மாறியிருக்கிறது. காவிரிப் படுகையின் பருவ ஒழுங்கு இந்த இடத்தில் தீர்ப்பளிக்கிறது. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து குறுவை நட்ட வயல் செப்டம்பரிலோ அக்டோபரிலோ அறுவடையாகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் அதே வயலில் தாளடி நட்டாக வேண்டும். இடையே கிடைப்பது சில வாரங்கள், அதுவும் ஈரமான வாரங்கள். அறுவடை எந்திரம் விட்டுப்போன குறுவை வைக்கோலை அந்த இடைவெளியில் சேற்றோடு மடக்குவதுதான் மிகக் கூடுதலான மீத்தேனுக்கு வழி. மண்வளப் பிரசாரமோ குறுவை, சம்பா என்ற வேறுபாடு பாராமல் மடக்கச் சொல்கிறது. சம்பாவும் தாளடியும் சனவரி முதல் மார்ச்சுக்குள் அறுவடையான பின் வரும் நீண்ட உலர்காலத்தில் அதே வைக்கோலைக் கோடை உழவோடு மண்ணில் கலந்தால் அது காற்றோட்டமுள்ள மண்ணில் மட்கிவிடும். குறுவை வைக்கோலுக்குத் தக்க இடம் மாட்டுத் தொழுவமும் மட்குக் குழியும். அதை எரித்துவிடலாமே என்போருக்கு விடை எளிது: எரிப்பும் மீத்தேனையும் நைட்ரஸ் ஆக்சைடையும் கரும்புகையையும் விடுகிறது, சத்தையும் அழிக்கிறது, ஊராரின் மூச்சையும் கெடுக்கிறது.

உழவின்றி விதைப்பதற்கும் இப்படுகையில் ஒரு பழைய வடிவம் உண்டு. அதற்குப் புதிய பெயரும் கரிமச் சந்தையும் தேவைப்படவில்லை. சம்பா, தாளடி அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்னதாக, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெற்பயிருக்கு ஊடே உளுந்தையோ பயறையோ விதைத்து விடுவார்கள். நெல் அறுபட்டபின் அரிதாள்களுக்கிடையே எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே அது விளைந்துவிடும். அவரையினப் பயிர் என்பதால் வேர்முடிச்சுகளின் வழியே தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்கிறது; நீர் நிற்காத வயல் என்பதால் மீத்தேனும் இல்லை. சக்கரமும் சங்கிலியும் கொண்ட அறுவடை எந்திரம் முளைத்த பயறை நசுக்குவதால் இம்முறை இன்று நலிந்து வருவது, மண்வளத் திட்டங்கள் எவற்றின் கவனத்தையும் பெரிதாக ஈர்க்காத ஓர் இழப்பு.

மீத்தேனைக் குறைக்கும் வலிய கருவி எருவிலன்று, மடையில் இருக்கிறது. வயலை ஒரே முறை வடித்துக் காயவிட்டால் மீத்தேன் 0.71 பங்காகவும், காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பலமுறை செய்தால் 0.55 பங்காகவும் குறைவதாக மேற்சொன்ன வழிகாட்டி மதிப்பிடுகிறது. துளையிட்ட ஒரு குழாயை வயலில் புதைத்து, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டருக்கு இறங்கும்வரை காத்திருந்து மீண்டும் நீர் கட்டுவதே இதன் முறை. பூக்கும் தருணத்தில் மட்டும் நீரைக் குறைக்கக் கூடாது. அந்த ஆழத்தை மீறாதவரை விளைச்சல் பொதுவாகக் குறைவதில்லை. இதற்கு எதிராக ஒரு வலுவான தடை எழுப்பப்படுகிறது: மண் காய்ந்து நனையும்போது தழைச்சத்து நைட்ரஸ் ஆக்சைடாக மாறுகிறது, எனவே ஒரு வாயுவை அடைத்து மற்றொன்றைத் திறக்கிறோம் என்பது அது. தமிழ்நாடு உள்ளிட்ட தென்னிந்திய வயல்களில் அளந்து 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று, விட்டுவிட்டு நீர் கட்டிய வயல்களில் எதிர்பாராத அளவுக்கு நைட்ரஸ் ஆக்சைடு எழுந்ததாகக் கூற, அந்த அளவுகளை எல்லா நெல்வயல்களுக்கும் பொதுவாக்க முடியாது என்று வேறு நெல் அறிவியலாளர்கள் மறுத்தனர். பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்துப் பார்த்தவர்களின் முடிவு, நைட்ரஸ் ஆக்சைடு இரு மடங்கானாலும் மீத்தேன் பாதியாவதால் மொத்தச் சுமை கணிசமாகவே குறைகிறது என்பது. ஆனாலும் அத்தடை ஓர் உண்மையைச் சுமந்து வருகிறது: நீரைக் கட்டுப்படுத்துவோர் யூரியாவையும் கட்டுப்படுத்தியாக வேண்டும், இல்லையேல் ஆதாயத்தில் ஒரு பகுதி கைநழுவும்.

யூரியாவைக் கட்டுப்படுத்துவது என்றால் தடை செய்வது என்று பொருளன்று. 2021 மே மாதம் இலங்கை அரசு செயற்கை உர இறக்குமதியை ஒரே ஆணையில் நிறுத்தி, பெரும்போக விதைப்புக் காலமான நவம்பரிலேயே அதைத் திரும்பப் பெற நேர்ந்ததும், இடையில் நெல் உழவர் பட்ட பாடும் அனைவரும் அறிந்தவை. பயிருக்குப் பசிக்கும்போது மட்டும் உணவிடுவதற்கு ஓர் எளிய கருவி முன்னரே இருக்கிறது. இலை வண்ண அட்டை என்னும் பச்சை நிறப் பட்டைகள் கொண்ட அட்டையை, நடவு செய்த 14-ஆம் நாள் முதல் வாரந்தோறும், நன்கு விரிந்த மேல் இலையின்மீது உடலின் நிழல் விழும்படி வைத்து ஒப்பிட்டு, வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் பட்டைக்கும் மற்ற இரகங்களுக்கு நான்காம் பட்டைக்கும் கீழே நிறம் இறங்கினால் மட்டுமே மேலுரம் இட வேண்டும். அச்சடிக்க ஆகும் செலவு சொற்பம். இந்த அட்டையைப் புறந்தள்ள வைப்பது அரசின் உர விலைக் கொள்கை: 2010-இல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது யூரியா மட்டும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டதால், மணிச்சத்தும் சாம்பல் சத்தும் விலையேற, 45 கிலோ யூரியா மூட்டை வேப்பெண்ணெய்ப் பூச்சுக் கட்டணமும் வரியும் நீங்கலாக 242 ரூபாயில் நின்றுவிட்டது. அந்த விலையில் ஒரு மூட்டை கூடுதலாக வீசுவதைவிட வாரந்தோறும் வயலில் இறங்கி இலையின் நிறம் பார்ப்பது உழவருக்குச் செலவுமிக்கது என்றால், குறை அவருடையதன்று.

கரிம வரவுக்குக் கட்டணம் வழங்கும் திட்டங்கள் இந்த இடத்தில்தான் வழிமாறிப் போகின்றன. மண்ணில் ஏறிய கரிமத்துக்கு இன்று பணம் கொடுத்துவிட்டு, அடுத்த குத்தகைதாரர் ஆழ உழுது அதைக் கலைத்தால் திரும்பப் பெற வழியில்லை. எழாமல் தடுத்த மீத்தேனோ தடுத்ததுதான், பின்னர் எவரும் அதைக் கலைக்க முடியாது. 2015-இல் நடுவணரசு தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் 12 அளவைகளைப் பதிகிறது: தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், ஐந்து நுண்ணூட்டங்கள், கார அமிலநிலை, உப்பின் அளவு, கரிமம். மண்ணின் நிலையைச் சொல்ல இவை போதும். வைக்கோல் எந்தத் தேதியில் மடக்கப்பட்டது, வயலில் எத்தனை நாள் நீர் நின்றது, எத்தனை முறை வடிந்தது, மேலுரம் எந்த நாளில் எவ்வளவு இடப்பட்டது என்பவற்றை, வாயுவைத் தீர்மானிக்கும் இந்த நான்கையும், அவை சொல்வதில்லை. காலநிலையின் பெயரால் உழவருக்குப் பணம் வழங்குவதாயின் இந்த நான்குக்கே வழங்க வேண்டும். மழை வடியாத சம்பாப் பள்ளக்கால்களில் நீரை வடிப்பது கைகூடாது என்பதால் அதைக் குறுவையிலிருந்து தொடங்க வேண்டும். ஆற்றுப் பாசனத்தில் மடையைத் திறப்பதும் அடைப்பதும் தனி உழவரின் கையில் இல்லை. ஆகையால் கிளை வாய்க்கால் ஒன்றின் உழவர் அனைவரையும், முறைப்பாசன நாள்களை வகுக்கும் நீர்வளத் துறையின் பிரிவு அலுவலகத்தையும் ஒரே ஒப்பந்தத்தில் சேர்க்காமல், வயல் வயலாகப் பிரித்து எழுதப்படும் எந்த ஒப்பந்தமும் ஆழ்குழாய்க் கிணறு வைத்திருப்போருக்கு மட்டுமே பயன்படும்.